உங்கள் சர்வர் 'முடியாது' என்று சொல்கிறதா? ரேடியஸ் பாதுகாப்பு, டெல்டாவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி என்று டெல்டாவின் எந்த ஊருக்குப் போனாலும், முன்பு கேபிள் டிவி நடத்தியவர்களில் பலர் இப்போது ஃபைபர் நெட்டும் தருகிறார்கள். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கும். அதில் ஒரு ரேக், ஒரு யூபிஎஸ், ஒரு மைக்ரோடிக் ரவுட்டர், பழைய கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு ரேடியஸ் சர்வர். பாலிடெக்னிக்கோ பி.சி.ஏ.வோ முடித்துவிட்டு வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளின் கையில் முதல் வாரமே அந்த அறையின் சாவி வந்துவிடுகிறது. கல்லூரியில் வைஃபையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லப்பட்டவர்களின் நிலையும் இதுதான். சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் இருக்காது. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

ரேடியஸ் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் வீட்டு ரவுட்டர் யூசர்நேம், பாஸ்வேர்டு தருகிறது. அதை வாங்கும் உங்கள் மைக்ரோடிக் (பாடப் புத்தகத்தில் இதற்குப் பெயர் 'நாஸ்'), 'இவரை உள்ளே விடலாமா?' என்று சர்வரிடம் கேட்கிறது. சர்வர் 'விடு' என்றோ 'விடாதே' என்றோ பதில் அனுப்புகிறது. கேள்வி போவது யூடிபி 1812-ஆம் போர்ட்டில். யார் எவ்வளவு நேரம், எவ்வளவு டேட்டா பயன்படுத்தினார்கள் என்ற கணக்கு 1813-இல். 1991-இல் டயல்-அப் காலத்துக்காக லிவிங்ஸ்டன் நிறுவனம் உருவாக்கிய ஏற்பாடு இது. அன்றைய எளிமை இன்றும் அதில் இருக்கிறது, அன்றைய பலவீனமும் இருக்கிறது.

ரேடியஸில் இதுவரை வந்த பெரிய ஓட்டைகளில் இரண்டைப் பாருங்கள். 2017-இல் ஃப்ரீரேடியஸ் என்ற இலவச ரேடியஸ் சர்வர் மென்பொருளில் ஒன்று கண்டுபிடித்தார்கள் (சிவிஇ-2017-9148; சிவிஇ என்பது ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்). ஏற்கெனவே தொடங்கிய டிஎல்எஸ் (மறைகுறியாக்கப்பட்ட) இணைப்பைத் தொடர்கிறேன் என்று ஒருவர் வந்தால், உள்ளே பாஸ்வேர்டு சரிபார்க்கப்பட்டதா என்று பார்க்காமலே சர்வர் 'விடு' என்று சொல்லிவிடும். 3.0.14 பதிப்பில் சரிசெய்தார்கள். 2024 ஜூலையில் வந்த பிளாஸ்ட்ரேடியஸில் (சிவிஇ-2024-3596) சர்வர் ஒழுங்காக 'விடாதே' என்று சொன்னாலும், நடுவழியில் உட்கார்ந்திருப்பவர் அதை 'விடு' என்று மாற்றிவிட முடியும். வழிதான் வேறு வேறு. கடைசியில் நடப்பது ஒன்றுதான்: 'முடியாது' என்று முடிய வேண்டியது 'சரி' என்று முடிகிறது. அதனால் பேட்ச் போடுவதோ, அமைப்பை மாற்றுவதோ, சோதிப்பதோ, எதைச் செய்தாலும் கடைசியில் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி. வேண்டாதவரை இந்த சர்வர் மறுக்கிறதா?

முதல் வேலை: ஒரு நோட்டு

கீபோர்டில் கை வைக்கும் முன் ஒரு நோட்டு வாங்கி, இந்த சர்வரிடம் கேள்வி கேட்கும் கருவிகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். மெயின் ரவுட்டர், கிளை ஊர்களில் இருக்கும் ரவுட்டர்கள், வைஃபை கன்ட்ரோலர், லாகின் கேட்கும் ஸ்விட்ச், விபிஎன் என்று ஒன்றையும் விட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐபி முகவரி, மென்பொருள் பதிப்பு, எந்த ஊர், எந்த வழியாக சர்வருக்கு வருகிறது என்பதும் இருக்கட்டும்.

'எந்த வழியாக' என்பதை அலட்சியம் செய்யாதீர்கள். சர்வர் கும்பகோணத்தில், ரவுட்டர் நன்னிலத்தில் என்றால், நடுவில் கேள்வியும் பதிலும் யாருடைய ஃபைபரில், எத்தனை கம்பத்துப் பெட்டிகளைக் கடந்து வருகின்றன? வேறொருவரின் இணைப்பை வாடகைக்கு எடுத்திருக்கிறீர்களா? பொது இணையம் வழியாக வருகிறதா? பிளாஸ்ட்ரேடியஸ் தாக்குதலுக்கு நடுவழியில் ஓர் ஆள் தேவை. எல்லாம் ஒரே ரேக்குக்குள் இருக்கும் இடத்தில் அந்த ஆளுக்கு நிற்க இடமில்லை. முப்பது நாற்பது கிலோமீட்டர் தாண்டும் இணைப்பில் இடம் தாராளமாக இருக்கிறது.

அமைப்புக் கோப்பில் பார்க்க வேண்டியவை

ஃப்ரீரேடியஸில் இரண்டு கோப்புகளை ஆற அமரப் படியுங்கள். ஒன்று கிளையன்ட்ஸ் கோப்பு, மற்றது யூசர்ஸ் கோப்பு.

கிளையன்ட்ஸ் கோப்பில் கேள்வி கேட்க அனுமதி உள்ள ஒவ்வொரு கருவியும், அதற்குரிய ஷேர்டு சீக்ரெட்டும் (அந்தக் கருவிக்கும் சர்வருக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சொல்) இருக்கும். மென்பொருளோடு வரும் மாதிரி சீக்ரெட் 'டெஸ்டிங்123'. அதையே மெயின் ரவுட்டருக்கும் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிற இடங்கள் உண்டு. இன்னொன்று, ஐபி இருக்க வேண்டிய இடத்தில் 0.0.0.0/0 என்று போட்டிருப்பது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் இந்த சர்வரிடம் கேட்கலாம் என்று அதற்கு அர்த்தம். இதைப் போட்டவருக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். கிளை ரவுட்டருக்கு நிலையான ஐபி கிடைக்கவில்லை, தினம் மாறிக்கொண்டிருந்தது, வேறு வழி தெரியவில்லை. வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

சீக்ரெட் குறைந்தது 16 எழுத்தாவது இருக்க வேண்டும் என்பது ரேடியஸ் ஆவணத்திலேயே உள்ள பரிந்துரை. நான் 32 வைக்கச் சொல்வேன். அதுவும் கடைப் பெயர், ஊர்ப் பெயர், வண்டி நம்பர் எதுவும் இல்லாமல், கம்ப்யூட்டரே உருவாக்கிய தற்செயல் எழுத்துகளாக. கருவிக்கு ஒரு சீக்ரெட். ஏன் இவ்வளவு கெடுபிடி? பாஸ்வேர்டையே அனுப்பும் பிஏபி முறையில் அது இந்த சீக்ரெட்டையும் எம்டி5 என்ற பழைய கணக்கு முறையையும் வைத்துத்தான் மறைக்கப்படுகிறது. பாக்கெட்டுகளை ஒருமுறை பதிவு செய்துகொண்டவர், வீட்டில் உட்கார்ந்து நிதானமாக சீக்ரெட்டை யூகித்துப் பார்க்கலாம். உங்கள் லாக்கில் ஒரு வரிகூட வராது. சீக்ரெட் சின்னதாக இருந்தால் அகப்பட்டுவிடும். அதோடு எல்லா வாடிக்கையாளர் பாஸ்வேர்டும் போய்விடும்.

யூசர்ஸ் கோப்பில் தேட வேண்டியது ஒரே ஒரு வரி: 'டிஃபால்ட்' என்று தொடங்கி, 'ஆத்-டைப்' என்பதற்கு 'அக்செப்ட்' என்று முடியும் வரி. வேறெங்கும் பொருந்தாத யார் வந்தாலும் பாஸ்வேர்டே பார்க்காமல் உள்ளே விடு என்பது அதன் கட்டளை. இதை யாரும் கெட்ட எண்ணத்தில் போடுவதில்லை. ஐப்பசி மழை, ஊரே கரண்ட் போய்த் திரும்பி வருகிறது, நூற்றுக்கணக்கான வீட்டு ரவுட்டர்கள் ஒரே நேரத்தில் லாகின் கேட்கின்றன, டேட்டாபேஸ் திணறி விழுகிறது, போன் மேல் போன். 'நெட் வரல சார்' என்ற சத்தத்தை நிறுத்த யாரோ அந்த வரியை எழுதிவிட்டுப் படுக்கப் போகிறார்கள். காலையில் எல்லாம் நன்றாக ஓடுகிறது. நன்றாக ஓடுவதால் யாருக்கும் அது ஞாபகம் வருவதில்லை. ஓர் அலுவலகத்தில் இப்படி ஒரு வரியைப் பார்த்தேன். பணம் கட்டாமல் நிறுத்தப்பட்ட இணைப்புகள் எப்படித் தொடர்ந்து ஓடுகின்றன என்று அங்கே கலெக்‌ஷன் ஆளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஷட்டரை இறக்குங்கள்

அப்புறம் ஃபயர்வால். 1812, 1813 இரண்டும் நோட்டில் எழுதிய கருவிகளின் ஐபிக்கு மட்டும் திறந்திருக்கட்டும். வாடிக்கையாளரை நடுவில் துண்டிக்கப் பயன்படும் 3799 போர்ட், ரவுட்டரில் சர்வரின் ஐபிக்கு மட்டும். டேட்டாபேஸின் 3306 வெளியே தெரியவே கூடாது. பாஸ்வேர்டை அனுப்பாமல் அதிலிருந்து கணக்கிட்ட விடையை மட்டும் அனுப்பும் சிஹெச்ஏபி முறை வைத்திருந்தால் பாஸ்வேர்டுகள் அந்த டேட்டாபேஸில் அப்படியே படிக்கக்கூடிய எழுத்தாக இருக்கும், அந்த முறைக்கு அது தேவை. அதனால் அந்த பேக்கப் கோப்பைப் பென்டிரைவில் போட்டு ஊர் சுற்ற விடாதீர்கள்.

டலோரேடியஸ் மாதிரியான வெப் பேனல் இருந்தால் அதனோடு வந்த பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். 'அட்மினிஸ்ட்ரேட்டர்', 'ரேடியஸ்' என்ற ஜோடி தேடுகிற எவருக்கும் தெரியும். பேனல் அலுவலக நெட்வொர்க்குக்குள் மட்டும் திறந்தால் போதும்.

மைக்ரோடிக்கின் வின்பாக்ஸ் போர்ட் 8291-ஐயும் மூடிவிடுங்கள். 2018-இல் அதில் ஓர் ஓட்டை (சிவிஇ-2018-14847) வழியாக, பாஸ்வேர்டே இல்லாமல் ரவுட்டரின் யூசர் பட்டியலை எடுக்க முடிந்தது. அந்த ஏப்ரலிலேயே 6.42.1 பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். அப்படியிருந்தும் அப்டேட் போடாத ரவுட்டர்கள் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் பிடிபட்டு, கிரிப்டோ நாணயம் தோண்டப் பயன்பட்டன. ரவுட்டர் பிடிபட்டால் அதிலுள்ள ரேடியஸ் சீக்ரெட்டும் சேர்ந்தே போகிறது. அப்படிச் சந்தேகம் வந்தால் அப்டேட் மட்டும் போதாது, சீக்ரெட்டையும் மாற்ற வேண்டும்.

கிளை ஊர்களுக்கு ஒரு சுரங்கம்

மாறும் ஐபி பிரச்சினைக்கு வழி சொல்கிறேன் என்றேன் அல்லவா? கிளை ரவுட்டருக்கும் சர்வருக்கும் இடையே வயர்கார்டு சுரங்கம் (பாக்கெட்டுகளை மறைகுறியாக்கி அனுப்பும் விபிஎன்) போடுங்கள். மைக்ரோடிக்கின் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 7-இல் அது உள்ளேயே வருகிறது. பதிப்பு 6 என்றால் அதே வேலைக்கு ஐபிசெக் இருக்கிறது. சுரங்கத்துக்குள் நீங்கள் கொடுக்கும் ஐபி மாறாது, ஆகவே கிளையன்ட்ஸ் கோப்பில் அந்த ஒற்றை ஐபியை எழுதினால் போதும். நடுவழியில் உட்கார்ந்து பதிலை மாற்றுவதும் இதோடு முடிந்துபோகும், ஏனென்றால் பாக்கெட்டுக்குள் இருப்பது அவருக்குத் தெரியாது. ஒரு வேலையில் இரண்டு ஓட்டை அடைபடுகிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் இந்த வாரம் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ரேடியஸையே டிஎல்எஸ்ஸுக்குள் வைத்து அனுப்பும் ராட்செக் என்ற முறையும் உண்டு. இரண்டு பக்கமும் அதை ஆதரித்தால் நல்லது.

பிளாஸ்ட்ரேடியஸ்: சரிசெய்யும் வரிசை முக்கியம்

பாஸ்டன் பல்கலைக்கழகம், கிளவுட்ஃபிளேர், மைக்ரோசாஃப்ட், ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையம், சான் டியாகோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் முதலிய இடங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2024 ஜூலை 9-இல் இதை வெளியிட்டார்கள். சர்வரின் பதிலில் இருக்கும் முத்திரை எம்டி5-ஆல் ஆனது. ஒரே எம்டி5 மதிப்பு வரும் இரண்டு வேறு தரவுகளை உருவாக்க முடியும் என்பது 2004-இலேயே தெரிந்த விஷயம். அதைப் பயன்படுத்தி, கேள்வியில் கொஞ்சம் குப்பையைத் திணித்து, 'விடாதே' என்ற பதிலுக்கான முத்திரை 'விடு' என்ற பதிலுக்கும் பொருந்தும்படி செய்துவிட்டார்கள். அந்தக் குப்பை ஒளிந்துகொள்ளும் இடம், ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்குக் கேள்வியைத் தள்ளிவிடும்போது சேர்க்கும் 'ப்ராக்ஸி-ஸ்டேட்' என்ற பகுதி. தாக்குகிறவருக்கு பாஸ்வேர்டும் தெரிய வேண்டாம், சீக்ரெட்டும் தெரிய வேண்டாம். யூடிபி வழியாக பிஏபி, சிஹெச்ஏபி, எம்எஸ்-சிஹெச்ஏபி ஓட்டுகிற எல்லோருக்கும் இது பொருந்தும். கல்லூரி வைஃபையில் பயன்படும் ஈஏபி முறைக்குப் பொருந்தாது. அதில் 'மெசேஜ் ஆதென்டிகேட்டர்' என்ற இன்னொரு முத்திரை ஆரம்பத்திலிருந்தே கட்டாயம்.

தீர்வும் அதுவேதான். எல்லாக் கேள்வியிலும் எல்லாப் பதிலிலும் அந்த மெசேஜ் ஆதென்டிகேட்டர் இருக்க வேண்டும், இல்லாததைத் தூக்கிப் போட வேண்டும். ஆனால் எடுத்த எடுப்பில் கட்டாயமாக்கினால் ஊர் முழுக்க நெட் நின்றுவிடும். அதனால் வரிசை இது.

முதலில் சர்வர். ஃப்ரீரேடியஸ் 3.2.5 அல்லது 3.0.27, அல்லது அவற்றுக்குப் பிந்தையது. இந்தப் பதிப்புகள் பதிலில் மெசேஜ் ஆதென்டிகேட்டரைத் தாமாகவே முதல் இடத்தில் வைத்து அனுப்பும். சர்வரை விட்டுவிட்டு ரவுட்டரை முதலில் புதுப்பித்தீர்கள் என்றால் சிக்கல். புதிய ரவுட்டர்ஓஎஸ் பதிப்புகளில் பதிலில் அந்த முத்திரையைக் கட்டாயமாகக் கேட்கும் அமைப்பு இருக்கிறது. பழைய சர்வர் அதைத் தராது, சரியான பாஸ்வேர்டு போட்டவருக்கும் லாகின் ஆகாது. அப்டேட்டே கெட்டது என்று பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

உபுண்டு, டெபியன் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவர்கள் பழைய பதிப்பு எண்ணை வைத்துக்கொண்டே பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்ப்பது வழக்கம். எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். அந்தப் பேக்கேஜின் மாற்றப் பட்டியலைத் திறந்து 2024-3596 என்ற எண் இருக்கிறதா என்று தேடுங்கள். உங்கள் உபுண்டுவுக்கே ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது என்றால் அந்த எண் வரவே வராது. ஃப்ரீரேடியஸ் 2 வைத்திருப்பவர்களும் அப்படியே. அதற்கு இனி யாரும் பேட்ச் எழுதப் போவதில்லை, புதிதாகப் போடுவது ஒன்றே வழி.

இரண்டாவது, கவனித்தல். புதிய சர்வரில் மெசேஜ் ஆதென்டிகேட்டரைக் கேட்கும் அமைப்பும், ப்ராக்ஸி-ஸ்டேட்டைக் கட்டுப்படுத்தும் அமைப்பும் 'ஆட்டோ' என்ற நிலையில் இருக்கும். அப்படியே விட்டு, சேவையை நிறுத்திவிட்டு டீபக் முறையில் (ஒவ்வொரு கேள்வியும் பதிலும் திரையில் தெரியும்படி) ஓட்டிப் பாருங்கள். முத்திரை இல்லாமல் கேட்கும் கருவி எதுவோ, அதன் பெயரோடு 'பிளாஸ்ட்ரேடியஸ் செக்' என்று தொடங்கும் எச்சரிக்கை திரையில் வரிசையாக ஓடும். அந்தப் பெயர்களை நோட்டில் வட்டமிடுங்கள்.

மூன்றாவது, வட்டமிட்ட கருவிகளை ஒவ்வொன்றாகப் புதுப்பிப்பது. ஒரு கருவி, ஒரு நாள், மறுநாள் அடுத்தது. ஒரு கருவி முத்திரையோடு பேசத் தொடங்கியதும், கிளையன்ட்ஸ் கோப்பில் அந்தக் கருவிக்கு மட்டும் 'ஆட்டோ'வை 'யெஸ்' ஆக்குங்கள். எல்லாம் முடிந்தபின் பொது அமைப்பிலும் 'யெஸ்'. உங்கள் சர்வர் வேறொரு பெரிய சர்வருக்குக் கேள்வியைத் தள்ளிவிடுகிற ஏற்பாடு இருந்தால் ப்ராக்ஸி கோப்பிலும் இதையே செய்ய வேண்டும்.

எப்போது செய்வது? சாயங்காலம் ஏழிலிருந்து பதினொன்று வரை தொடவே கூடாது, வீட்டுக்கு வீடு டிவி ஓடும் நேரம். விடியற்காலை நான்கு மணி நல்ல நேரம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள், பாதி அப்டேட்டில் யூபிஎஸ் தீர்ந்தால் சர்வரே எழாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள் முடித்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. தொடங்கும் முன் அமைப்புக் கோப்புகளையும் டேட்டாபேஸையும் பேக்கப் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் அதைத் திருப்பிப் போட்டு லாகின் ஆகிறதா என்று பாருங்கள். திருப்பிப் போட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள்.

தப்பான பாஸ்வேர்டால் சோதியுங்கள்

பெரும்பாலானவர்கள் அப்டேட் முடிந்ததும் சரியான பாஸ்வேர்டு போட்டு, நெட் வருகிறதா என்று பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். எல்லாரையும் உள்ளே விடுகிற சர்வர்கூட அந்தச் சோதனையில் பாஸாகிவிடும்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். ஃப்ரீரேடியஸோடு வரும் ரேட்டெஸ்ட் என்ற சோதனைக் கட்டளையில் சரியான யூசர்நேமோடு தப்பான பாஸ்வேர்டு கொடுங்கள், மறுப்பு வர வேண்டும். இல்லாத யூசர்நேம் கொடுங்கள், மறுப்பு வர வேண்டும். வெற்றுப் பாஸ்வேர்டு, பணம் கட்டாமல் நிறுத்திய கணக்கு, இரண்டுக்கும் மறுப்புதான். பட்டியலில் இல்லாத ஒரு லேப்டாப்பிலிருந்து கேளுங்கள், பதிலே வரக்கூடாது. பிறகு டேட்டாபேஸை வேண்டுமென்றே நிறுத்திவிட்டுச் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்துப் பாருங்கள். இதில்தான் பல இடங்களின் குட்டு வெளிப்படும். டேட்டாபேஸ் இல்லாதபோது சர்வர் 'விடு' என்றால் மேலே சொன்ன அந்த வரி எங்கோ ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் திரையில் வந்த பதிலை, தேதியோடு நோட்டில் எழுதுங்கள்.

கல்லூரி வைஃபை பார்ப்பவர்களுக்கு

இங்கே ஏமாறுவது மாணவர்களின் போன். பீப் (ஈஏபி வகைகளில் ஒன்று) முறையில் போன் முதலில் சர்வரின் சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்க வேண்டும். 'சரிபார்க்க வேண்டாம்' என்று அமைத்துக்கொள்ளச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருந்தால், அதே பெயரில் போலி வைஃபை வைத்து எவரும் போனை இழுத்துவிடலாம். 2024 பிப்ரவரியில் வெளியான சிவிஇ-2023-52160 இதைத்தான் காட்டியது. ஆண்ட்ராய்டும் லினக்ஸும் பயன்படுத்தும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் மென்பொருளில், சர்டிஃபிகேட் சரிபார்ப்பு இல்லாத அமைப்பு இருந்தால், பாஸ்வேர்டுப் பகுதியையே தாண்டிப் போலி நெட்வொர்க் போனைச் சேர்த்துக்கொண்டது. இங்கே மறுக்க வேண்டியது போன்.

அந்த நோட்டீஸைக் கிழித்துவிட்டு, எந்தச் சர்டிஃபிகேட்டைத் தேர்ந்தெடுப்பது, சர்வர் பெயராக என்ன எழுதுவது என்று படத்தோடு புதிய நோட்டீஸ் ஒட்டுங்கள். தமிழிலும் எழுதுங்கள். முதல் வருட மாணவர்கள் சேரும் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வருடம் முழுக்க நிம்மதி.

புதுப்பிக்கவே முடியாத கருவி இருந்தால்

கம்பெனி கைவிட்ட பழைய ஸ்விட்ச், வைஃபை பெட்டி எல்லா ஊரிலும் இருக்கும். தூக்கிப்போடப் பணம் இல்லை என்றால், அதைத் தனி விலானில் (ஸ்விட்சுக்குள்ளேயே பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) ஒதுக்கி, அதற்கும் சர்வருக்கும் நடுவில் வேறெந்தக் கருவியும் எட்டாதபடி வையுங்கள். அதற்கு மட்டும் 'யெஸ்' போடாமல் விட்டிருக்கிறோம் என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி, முதலாளியிடமும் காட்டி வையுங்கள். அடுத்த முறை பொருள் வாங்கும்போது முதலில் மாற்ற வேண்டியது எது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தால்

லாக்கில் மறுக்கப்பட்டிருக்க வேண்டிய ஒருவர் உள்ளே போயிருப்பதைக் கண்டால், உடனே சர்வரை ஃபார்மேட் செய்யாதீர்கள். பதற்றத்தில் எல்லாரும் முதலில் செய்வது அதுதான். எப்படி வந்தார்கள் என்பதும் அதோடு அழிந்துவிடும். முதலில் லாக்கை வேறொரு டிஸ்கில் நகலெடுங்கள். பிறகு அந்தக் கருவியைத் துண்டியுங்கள், எல்லாச் சீக்ரெட்டையும் மாற்றுங்கள், வாடிக்கையாளர் பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் விடுத்த உத்தரவின்படி, இப்படிப்பட்ட சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கருவிகளின் கடிகாரம் என்ஐசி (தேசியத் தகவல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேரச் சர்வரோடு ஒத்துப்போக வேண்டும். கடிகாரத்தை இன்றே பார்த்துவிடுங்கள். ரவுட்டரில் ஒரு நேரம், சர்வரில் ஒரு நேரம் என்று இருந்தால், எந்த லாகின் எந்தப் பதிலுக்கு நடந்தது என்று பிறகு யாராலும் கோத்துப் பார்க்க முடியாது.